தண்ணீர் குடிக்காத கடை

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் நான் வேலை பார்த்தேன். விற்பனைக்குப் பெண்கள் நாலு பேர். நூறு குடம் அடுக்கியிருந்த கடையில், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை எங்களில் ஒருத்தியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். கடையில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் பின்சந்துக்குப் போய்வருவார்கள்; எங்களுக்கு வீடு போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. நாக்கு உலர்ந்தால் காய்ந்த நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். நான் சேர்ந்த அன்றைக்கே எங்கள் நாலு பேரில் மூத்தவளான அக்கா நாலு நெல்லிக்காயைக் கையில் வைத்தாள்.

"இத்த வாயில போட்டுக்க. தண்ணி குடிச்சா போவணும். போவணும்னா எங்க போவ?"

பிறகு நான் உண்டானேன். அது இரண்டாவது முறை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்குச் சூட்டு ஒடம்பு" என்ற பதில்தான் கிடைத்தது. இந்த முறை ஐந்தைத் தாண்டி ஆறாம் மாதம் தொடங்கியதும்தான் மூச்சு விட்டேன். அந்த வாரமே நீர்க்கடுப்பு பிடித்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாக, நெருப்பாக.

பாத்திரம் சுற்ற வரும் பழைய பேப்பரைப் படித்தே பாதி அறிவு வளர்த்தவள் நான். ஏன், எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா, "கால் கட்டவிரல்ல வெளக்கெண்ண தடவு" என்றாள். எதிரே பூ விற்பவள், "கொழந்தைக்கு முடி ஜாஸ்தி, அதான் குத்துது" என்றாள். உள்ளே போய் முடி வெட்டிவிட யாரை அனுப்புவது என்று கேட்டேன். சிரித்தாள்.

மூன்றாம் நாள் அடிவயிறு லேசாக வலித்தது. முதல் முறையும் இப்படித்தான் தொடங்கியது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

சிறுநீரைச் சோதித்த சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணி குடிப்பே?"

"ராத்திரி ரெண்டு தம்ளருங்க."

"பகல்ல?"

"பகல்ல கடைக்குப் போவணுமேங்க."

நிமிர்ந்து பார்த்தார். "இது சூடு இல்லம்மா, கிருமி. மாசமா இருக்கறப்ப ஒரு ஹார்மோன் ஜாஸ்தியாகும். கர்ப்பப்பை இறுகிடாம தளர்வா வெச்சுக்கறது அதுதான். ஆனா அது மூத்திரக் குழாயையும் சேர்த்துத் தளர்த்திடும். நீர் மெதுவா எறங்கும், தேங்கும். கிருமிக்கு வசதி. நீ அடக்கி வேற வெக்கிறே."

குழந்தையைக் காப்பதும் எனக்குக் கடுப்பைக் கொடுப்பதும் ஒன்றேயா? வலியைக்கூட மறந்து வியந்தேன். அப்புறம்தான் கேட்டேன்: "மொதல்ல கலைஞ்சதும் இதனாலதானுங்களா?"

"தெரியாதும்மா. அப்ப யாரும் சோதிக்கலையே. ஆனா இத விட்டா கிட்னிக்கு ஏறும், பிரசவ வலி முன்னாடியே வந்துடும். மாத்திரைய பாதில நிறுத்தாதே. தண்ணி குடி. வந்தா அடக்காதே."

மறுநாள் கடையில் எல்லாரும் பார்க்க ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. கடைக்கு மேலேதான் முதலாளியின் வீடு. பின்பக்கம் படிக்கட்டு. எங்களில் யாரும் அதில் ஏறியதில்லை.

"மேல போவக்கூடாதுன்னு யாருக்கா சொன்னது?"

அக்கா யோசித்தாள். "யாரும் சொல்லல. எனக்கு முன்னாடி இருந்தவ நெல்லிக்கா குடுத்தா, வாங்கிக்கினேன்."

படியேறிக் கதவைத் தட்டினேன். முதலாளியம்மா கையில் கரண்டியோடு வந்தார்கள்.

"இன்னாம்மா, கீழ எதுனா கலாட்டாவா?"

"இல்லீங்கம்மா. பாத்ரூம் போவணும்."

என் வயிற்றைப் பார்த்தார்கள். "இத்தினி வருஷமா நீங்கள்லாம் எங்க போயினு இருந்தீங்க?"

"போவலீங்க."

கதவை அகலத் திறந்தார்கள். பிறகு வழிவிட்டு, "வழுக்கும், பாத்துப் போ" என்றார்கள்.

நான் இறங்கி வந்தபோது அக்கா வாயிலிருந்த நெல்லிக்காயைத் துப்பிவிட்டு, செம்பைக் கையில் எடுத்திருந்தாள்.

பத்து மாதமும் நிறைந்து பெண் பிறந்தாள். பார்க்க வந்த அக்கா மடியில் வாங்கிய நிமிஷமே புடவை நனைந்தது. அக்கா அசையவில்லை.

"போவணும்னா போவுது பாரு மகராசி! யாரையாவது கேக்குதா?"