மண் பாதைக்கு ஒரு நிற்காத பெடல்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல, பல் செய்கிறவர். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டிய நீள மேசையில் உட்கார்ந்து, யாருடையது என்றே தெரியாத வாய்களுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் கட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வாய் அச்சுகள் வரும். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் நட்டு, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். கால் மில்லிமீட்டர் பிசகினால் எங்கோ ஒருவர் சாப்பிட முடியாமல் அவதிப்படுவார். அதனால் எதையும் இரண்டு முறை அளப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

அந்த அறையில் பேச ஆள் கிடையாது. பகல் முழுக்க அடக்கி வைத்த பேச்சை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவார். அவர் மனைவிக்கு நேர் எதிரான வேலை. பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவர். பஸ் வரவில்லை, நிற்கவில்லை, டிரைவர் முறைத்தார் என்று எட்டு மணி நேரம் காதில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே பல்லுக்காரர் காத்திருப்பார்.

அவருடைய சைக்கிளும் ஒரு தினுசு. ஃபிக்ஸட் கியர். பின்சக்கரமும் பெடலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரம் சுற்றுகிற வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு போகிற சுகம் அதில் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் முன்பக்கம் ஒரு பிரேக், மிச்சத்துக்குக் காலாலேயே பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். ஒருமுறை மனைவியின் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். மிதிப்பதை நிறுத்தியும் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. அதோடு சரி.

ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். குடியிருப்புகள் தாண்டி, மரக்கடை தாண்டி, தார்ச் சாலை முடிகிற இடம் வரை சேர்ந்து போவார்கள். அங்கே ஒரு கல் பெஞ்சு. அதற்கப்பால் மண் பாதை மரங்களுக்குள் வளைந்து மறைந்துவிடும். அவருடைய சைக்கிளின் டயர் விரல் கனம்தான், மண்ணில் இறங்கினால் கத்தி மாதிரி புதைந்துவிடும்.

"நான் போய்ட்டு வந்துடறேன்," என்பார் மனைவி.

பல்லுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். மரங்களுக்கு நடுவிலிருந்து மனைவி திரும்பி வரும்போது அந்த முகம் வேறாக இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி. தோளில் ஏதாவது ஒரு இலை ஒட்டியிருக்கும்.

"அங்க என்ன இருந்துச்சு?"

"தண்ணி இருந்துச்சு."

"தண்ணின்னா?"

"ஏரிங்க. தண்ணிதான்."

அதற்கு மேல் ஒரு சொல் வராது. வாரம் முழுக்க, மெழுகு இளகும் வாசனையில், பல்லுக்காரர் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருப்பார். பார்க்காத பாதை என்பதால் அது தினமும் மாறியது. ஒரு நாள் மரங்கள் நீருக்குள் நின்றன. ஒரு நாள் பாதையே நீராக இருந்தது, அதன்மேல் சக்கரம் நனையாமல் உருண்டது. எப்போதும் முன்னால் மனைவியின் முதுகு. அந்த முகம் மாறுகிற இடம் எது என்று பார்க்க வேண்டும், அதுவும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்த ஆசை ஒருநாள் கனத்துப்போய், அவர் சைக்கிள் கடைக்குப் போனார்.

"மண் பாதைக்கு ஒரு டயர் வேணும்," என்றார்.

கடைக்காரர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா? சார், இது தார் ரோட்டுக்குப் பொறந்தது. பேசாம ஒரு மலை சைக்கிள் எடுத்துக்கங்க."

"பெடல் நிக்கற சைக்கிள்ல எனக்கு வயித்தைக் கலக்குது."

"எல்லாருக்கும் நிக்காததுலதான் கலக்கும். சரி, ஃபிரேமுக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துட்டு வாங்க. டயர் பெருசாப் போட்டா ஃபிரேம்ல உரசும். சேறு ஒட்டுறதுக்கும் இடம் விடணும்."

வேறு யாராவது ஸ்கேலை வைத்துப் பார்த்திருப்பார்கள். பல்லுக்காரர் வேலையிடத்திலிருந்து மெழுகுத் தகடு கொண்டுவந்து, வெந்நீரில் இளக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்தின் இரண்டு பக்கமும் அழுத்தி அச்செடுத்தார். அதில் பிளாஸ்டர் ஊற்றினார். மறுநாள் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தார்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோட கடைவாய்ப் பல்லு சார் இது?"

"சைக்கிளோடது."

கடைக்காரர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. ஆனால் அச்சு பொய் சொல்லவில்லை. பின்னால் நாற்பத்தொரு மில்லிமீட்டர் இடம். பக்கத்துக்கு நாலு விட்டால் முப்பத்துமூன்று டயர்தான் போடலாம். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் இடம் தாராளம், நாற்பது போகும். முன்சக்கரம் புதையாமல் இருந்தால் பின்சக்கரம் தானாக வந்துவிடும் என்றார் கடைக்காரர். நடுவில் நெருக்கமான சின்ன ரப்பர் முடிச்சுகளும் ஓரத்தில் பெரிய முடிச்சுகளும் உள்ள டயர் ஜோடி ஒன்றை எடுத்துப் போட்டார். தாரில் உறுமாது, மண்ணில் திரும்பும்போது ஓரம் பிடிக்கும். "காத்தைக் கொறைச்சு அடிங்க. அமுக்கினா கொஞ்சம் அமுங்கணும். கல்லு மாதிரி அடிச்சிட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது."

வீட்டில் மூன்று மாதம் இந்தப் பேச்சுதான். சாப்பிடும்போது முடிச்சு, பாத்திரம் துடைக்கும்போது காற்று, விளக்கணைத்த பிறகு சேறு. மனைவி "ம்" போடுவார். டயர் முடிந்ததும் ஹேண்டில்பார் தொடங்கியது. இறக்கத்தில் காலால் பெடலை எதிர்க்க வேண்டும், அப்போது கைக்கு ஊன்றுதல் வேண்டும், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போதும் வேண்டும். இருக்கிற ஹேண்டில்பார் தோளகலம்கூட இல்லை. கடைக்காரரும் அகலமாகவே சொன்னார். எழுபத்தாறு சென்டிமீட்டரில், லேசாகப் பின்னுக்கு வளைந்த ஒன்றைப் பல்லுக்காரர் தேர்ந்தெடுத்தார். மாட்டி உட்கார்ந்தால் கைகள் பெரிய கதவைத் திறப்பது மாதிரி விரிந்தன.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எருமை கொம்பு மாதிரி இருக்கு," என்றார் மனைவி. பிறகு எதையோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு பல்லுக்காரர் கல் பெஞ்சில் உட்காரவில்லை. டயர் தாரைவிட்டு இறங்கிய நொடியில் சத்தமே மாறியது. முன்சக்கரம் வேர்களின்மேல் மெத்தென்று ஏறி இறங்கியது. பாதை பெடல் வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. எங்கே ஈரம், எங்கே மணல், எங்கே சருகு என்று பாதம் சொல்லிற்று. வெளிச்சம் இலைகளின் நடுவே காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. முன்னால் மனைவியின் முதுகு. கனவில் கண்டது மாதிரியே.

இரண்டாவது வளைவில் ஒரு இரும்புச் சட்டம் நின்றது. மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க வைத்தது. கீழே அகலமாக இருந்து, ஹேண்டில்பார் உயரத்தில் இரண்டு பக்கத் தகடுகளும் நெருங்கி வந்தன. மேலே குறுக்குக் கம்பி, இரண்டு பக்கமும் முள்வேலி. மனைவி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழக்கமான வாசலில் நுழைகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். பல்லுக்காரரின் ஹேண்டில்பார் இரண்டு தகடுகளிலும் இடித்துக்கொண்டு டங்கென்றது.

சாய்த்துப் பார்த்தார். பெடல் தகட்டில் மாட்டியது. அதை ஒதுக்கலாம் என்றால் சக்கரம் உருண்டது, சக்கரத்தை நகர்த்தினால் பெடல் மறுபடி அங்கேயே வந்து நின்றது. வேர்த்துவிட்டது.

"இங்க ஒரு கேட்டு இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

"மூணு மாசமா இதைத்தானே பேசிட்டிருக்கேன்."

"ஆமா," என்றார் மனைவி மெதுவாக. "நீங்கதான் பேசிட்டிருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சுருக்கென்றது. சைக்கிளின் வாய்க்கே அச்செடுத்தவர், தான் போக வேண்டிய வழியை அளக்கவில்லை. அதைவிட, அந்தப் பக்கம் தான் வருவதை மனைவி விரும்புகிறாரா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

மனைவி சற்று நின்றார். பிறகு போனார். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், டிக்டிக்டிக் என்று அந்தச் சக்கரத்தின் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பல்லுக்காரர் வேலியோரம் உட்கார்ந்தார். சொல்ல யாரும் இல்லாததால் சொல்லத் தோன்றியவை ஒவ்வொன்றாக வந்து, கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போயின. கடைசியில் காற்று மட்டும் இருந்தது. எட்டு மணி நேரம் போனைக் காதில் வைத்திருக்கிற ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தார்.

அந்த வாரம் வீட்டில் அதிகம் பேசவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. பேசாமல் இருந்து பழகினார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். நடைவழியில் மனைவி சாத்திய சைக்கிளின் சக்கரத்தில் ஈர மண் ஒட்டியிருந்தது. பல்லுக்காரர் பார்த்தார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கஞ்சியைச் சூடாக்கப் போனார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் ஸ்பூனைச் சுற்றி ஒரு நீல நூல். இரண்டு முனையிலும் முடிச்சு. சீட்டு எதுவும் இல்லை. என்னவென்று புரியாமல் விரலில் சுற்றிக்கொண்டே பாதிச் சாப்பாடு சாப்பிட்டார். பிறகு கை அப்படியே நின்றது. மேசையில் நூலை இழுத்துப் பிடித்து ஸ்கேலை வைத்தார். முடிச்சுக்கு முடிச்சு அறுபத்தொன்றரை சென்டிமீட்டர்.

அவர் வழக்கப்படி இன்னொரு முறை அளந்தார். அளவு மாறவில்லை. ஆனாலும் மூன்றாவது முறையும் அளந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஹேண்டில்பாரைக் கழற்றி வேலை அறைக்குக் கொண்டுவந்து பக்கத்துக்கு எட்டு சென்டிமீட்டர் அறுத்தார். பல்செட்டுக்கு மெருகேற்றுகிற சக்கரத்தில் முனைகளைத் தேய்த்தார். திறந்த முனைகளை அடைக்கக் கடையில் மூடி வாங்கலாம். கையில் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருள் இருந்தது, அதிலேயே இரண்டு மூடி வார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடைவழியில் மனைவி அதைக் கவனித்தார். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு ஈறு மொளைச்சிருக்கே."

பல்லுக்காரர் சிரித்தார். அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. சொல்லவில்லை.

சட்டத்தில் இந்த முறை மனைவி அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றார். ரோஸ் முனைகள் தகடுகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு விரல்நக இடம் விட்டு, உரசாமல் நுழைந்தன. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

பாதை இறங்கத் தொடங்கியது. மனைவியின் சக்கரம் டிக்டிக் என்றது. பல்லுக்காரர் கையைக் குறுகலான ஹேண்டில்பாரில் ஊன்றி, காலால் வேகத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டார். அவருடைய சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை. மரங்கள் விலகின. கீழே, நிஜமாகவே, தண்ணீர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. வெள்ளையாக, அசையாமல், இன்னும் யாரும் எழுந்திராத வீடு மாதிரி.

முன்னால் போன மனைவிக்குப் பின்னால் ஒரு அரவமும் கேட்காததால் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பி, "வர்றீங்களா?" என்றார்.

பத்தடி பின்னால் அவர் வந்துகொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். தூங்கி எழுந்த அந்த முகத்தை மனைவி மறைக்கவில்லை, உடனே திருப்பிக்கொள்ளவும் இல்லை. கீழே பெடல்கள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.