நோயில்லாத அண்ணன்

தையல்காரிக்கு இருமுனை மனநோய். சில மாதம் ஆகாயத்தில் பறப்பாள், சில மாதம் படுக்கையை விட்டு எழமாட்டாள். அதற்குப் பெயர் தெரியவே பத்து வருடம் போயிற்று. இப்போது மாத்திரை விழுங்கி, ஒழுங்காகத் தைத்துப் பிழைக்கிறாள். அண்ணன் மட்டும் இன்றைக்கும் கிறுக்கி என்றுதான் கூப்பிடுவான்.

இன்னொருத்தி தன்னைப் போல அல்லாடக் கூடாது என்று, அந்த நோயை ஆராய்கிற மருத்துவமனைக்குத் தானாகவே பெயர் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத உடன்பிறப்பு ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் அவளையும் சேர்க்க முடியாது என்றார்கள். இருப்பதோ ஒரே அண்ணன். காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துப்போனாள்.

அண்ணன் மாப்பிள்ளை முறுக்கோடு நாற்காலியில் சாய்ந்தான். "என்ன வேணா கேளுங்கம்மா. எங்க குடும்பத்துல புத்தி தெளிவா இருக்கறவன் நான் ஒருத்தன்தான்."

"தூக்கம் எப்படிங்க?" என்றாள் நர்ஸ்.

"தூக்கமா? வேகம் வந்துட்டா அஞ்சு நாள் கண்ணே மூடமாட்டேன். போன வருஷம் அப்படித்தான் ஒரே வாரத்துல மூணு கடை திறந்தேன்!"

"கடையெல்லாம் இப்ப நடக்குதா?"

"அதை விடுங்க. அப்புறம் நாலு மாசம் எந்திரிக்கவே பிடிக்கல. எல்லாம் ஊர்க்கண்ணு!"

நர்ஸ் பேனாவை மூடினாள். "நோயில்லாதவங்க பட்டியல்ல உங்களைப் போட முடியாதுங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க."

அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வில் தன் இடமும் போன வயிற்றெரிச்சல் தையல்காரிக்கு. ஆனாலும் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாண்ணே, பக்கத்துக் கட்டடம்தான். இந்தக் கிறுக்கிக்கு வழி நல்லாத் தெரியும்."