மடுகரைக் குளத்து அமீபா

கண்ணாடிக் குழாயின் மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துக் குளத்தில் இறக்கி, பச்சை தடித்திருக்கும் இடத்தில் விரலை எடுக்கிறார் சுப்பராயலு. தண்ணீர் குழாய்க்குள் ஏறுகிறது. மறுபடி மூடிக்கொண்டு கரையேறுகிறார். தினமும் காலையில் இந்தக் கூத்து. மடுகரை ஊரே சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

கொம்யூன் பஞ்சாயத்து மருந்தகத்தில் கம்பவுண்டர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில், மூன்றும் கடிபட்டவை. தன் நாட்டுக்கே திரும்பிவிட்ட பிரெஞ்சு டாக்டர் ஒருவர் விட்டுப்போன நுண்ணோக்கியை நோயாளிகளைவிட மரியாதையாக நடத்துகிறார்.

"தொடாதப்பா, கண்ண மட்டும் வை" என்றார் என்னிடம்.

வைத்தேன். தூக்கிவாரிப் போட்டது. நீலப்பச்சைப் பாசி நூல்களுக்கு நடுவே தலையும் வாயும் இல்லாத ஒரு கண்ணாடிப் பிண்டம். ஒரு நூலின்மேல் வழிந்து, அதை வளைத்து, இடியாப்ப இழையைச் சுருட்டுவதுபோல் தனக்குள் சுருட்டிக்கொண்டது. பிறகு அடுத்த நூலுக்கு நகர்ந்தது.

"இன்னா மேய்ச்சல் பாத்தியா? பொஸ்தகத்துல அமீபா எத்தினியோ இருக்குது. இது எதுலயும் இல்ல."

இருநூற்றுப் பதினோரு படம் வரைந்திருக்கிறார். ஒன்றுபோல் ஒன்றில்லை. "ஒரு நிமிசம் ஒரே உருவமா குந்துதா இது?" என்று அதைத் திட்டுகிறார். எப்படி நகரும், எந்தப் பாசியைத் தின்னும், எதைத் தொடாது என்று பிரெஞ்சில் பதினான்கு பக்கம் எழுதிப் பாரீஸுக்கு அனுப்பினார். பேராசிரியர் ஒருவர் பதில் போட்டார்: புதிய இனமாகத்தான் தெரிகிறது, ஆனால் உயிரோடு பார்க்காமல் பெயரிட முடியாது, ஆனியில் என் மாணவர் புதுச்சேரிக்கு வருகிறார், அவரிடம் காட்டுங்கள். இப்போது பங்குனி. சட்டியில் வளர்த்தால் நாலாம் நாள் செத்துவிடுகிறது. ஆனிவரை அதற்குக் குளத்தை விட்டால் வேறு கதியில்லை.

போன வாரம், மாடு வளர்த்துப் பிழைக்கும் செங்கமலத்தின் கன்று குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, வீடு சேருமுன் கால் மடங்கி விழுந்து செத்தது. நேற்று அவளுடைய இன்னொரு கன்று. கொம்யூனிலிருந்து வந்தவர்கள் பாசிதான் விஷம் என்று முடிவுகட்டி, ஒரு மூட்டை மயில்துத்தத்தை இறக்கிவிட்டுப் போனார்கள். குளத்தில் கலக்கவேண்டியவர் சுப்பராயலு. துத்தம் பாசியைக் கொல்லும். அதை மேய்வதையும் கொல்லும்.

பாவம் மனிதர் என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"மொத கன்னு செத்த அன்னிக்கே தெரியும்பா" என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே. "அந்தத் தண்ணிய ஒரு எலிக்கு ஊத்திப் பாத்தேன். செத்துப்பூடுச்சி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா துத்தம் கொட்டிடுவாங்க. இந்த அமீபாவே பாசிய மேஞ்சி தீத்துடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இந்த ஆளையா இத்தனை நாள் மெச்சிக்கொண்டிருந்தேன்? அந்தக் குளத்தில்தான் ஊர்ப்பிள்ளைகள் குளிக்கிறார்கள். அதையும் கேட்டேவிட்டேன். பாதி சீவிய பென்சிலைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

மத்தியானம் துத்தத்தைச் சாக்கில் கட்டிக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். ஒரு சீசாவில் அமீபாவோடு பச்சைத் தண்ணீரை மொண்டு, தக்கையடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினார். சாக்கு இழுபட்ட வழியெல்லாம் தண்ணீர் நீலமாயிற்று.

செங்கமலம் கரைக்கு வந்தாள். கையில் வெறும் கயிறு.

"இதப் போட்டா மிச்சமிருக்கற கன்னு பொழச்சிக்குமாண்ணா?"

"பொழச்சிக்கும்மா."

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணா. உங்களுக்கு மட்டும் மின்னாடியே தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பீங்களா?"

சுப்பராயலு நின்றார். பையிலிருந்த சீசாவை எடுத்து, தக்கையைப் பல்லால் பிடுங்கி, அந்த நீலத் தண்ணீரில் கவிழ்த்தார்.