ஆயுசுக்கும் ஃப்ரீ

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. கத்துகிறவருக்குத்தான் கம்பெனி பதில் சொல்லும். கீழேயிருந்து காரில் வந்து, நெட் வரவில்லை என்று மேஜையைத் தட்டுகிறவரிடம் ஏரியா மேனேஜரே போனில் மன்னிப்புக் கேட்பார். மலைக்காரர்கள் தட்ட மாட்டார்கள். ஓரமாக நின்று, கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

வாழவந்திப் பக்கமிருந்து வந்த அந்த அம்மாவும் அப்படித்தான் நின்றார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஏங்கண்ணு, இது அடிக்கவே மாட்டேங்குது. ரிப்பேரான்னு பாரு சாமி."

போனில் கோளாறு இல்லை. சிம்தான் செத்திருந்தது. கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தார் என்று கேட்டேன்.

"அதெதுக்கு கண்ணு? நா யாரையும் கூப்புடறதில்ல. வர்ற போனு ஆயுசுக்கும் ஃப்ரீன்னு சொல்லித்தான குடுத்தாங்க?"

அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். பிறகு கம்பெனி பேச்சை மாற்றிக்கொண்டது. மாதாமாதம் பணம் கட்டாவிட்டால் வருகிற போனும் நின்றுவிடும் என்று இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டது. இவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அவர்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. அதனால் மேட்டில் இருக்கும் பலா மரக் கிளையில் போனைப் பையோடு தொங்கவிட்டு, மணி அடித்தால் ஓடுவார்கள். இவரும் சார்ஜ் போட மட்டும் இறக்கி, மறுபடி தொங்கவிட்டு, மாதக்கணக்கில் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

யார் போனுக்காக இவ்வளவு காவல் என்றேன்.

"மவளுக்குத்தான். வேற சாதிப் பையனோட போயிட்டா. ஊட்டு வாசல மிதிச்சா வெட்டுவேன்னு அவங்கப்பன் நிக்கறாரு. எங்க இருக்கறாளோ தெரியாது. அவளுக்கு மனப்பாடமா தெரிஞ்சது இந்த நம்பரு ஒன்னுதான். என்னைக்காச்சும் கூப்புடுவா."

கஸ்டமர் கேரை அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் வந்து, அந்த நம்பரை வேறு கஸ்டமருக்குக் கொடுத்தாகிவிட்டது, எல்லாம் கம்பெனி கண்டிஷனிலேயே எழுதியிருக்கிறது என்றாள். நானும் கத்திப் பார்த்தேன். மேஜையைக்கூடத் தட்டினேன். "வேற ஏதாச்சும் உதவி வேணுங்களா மேடம்?" என்றாள்.

என் போனிலிருந்து அந்த நம்பருக்கே அடித்து, அந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு ஆள் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமாங்க, ஒரு பொண்ணு கூப்பிட்டுட்டே இருந்துச்சு. அம்மாகிட்ட குடுங்கன்னு ஒரே அழுகை. அப்படி யாரும் இங்க இல்ல, இனிமே கூப்பிடாதேன்னு சத்தம் போட்டேன். அதோட நிறுத்திருச்சு."

"அந்தப் பொண்ணோட நம்பர் இருக்குதுங்களா?"

"தெரியாதவங்க நம்பரையெல்லாம் நான் எதுக்குங்க வச்சிருக்கணும்? இது நான் காசு குடுத்து வாங்குன நம்பர். நீங்களும் இனிமே தொந்தரவு பண்ணாதீங்க."

வைத்துவிட்டார். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அம்மா அழவில்லை. புது சிம் போட்டுத் தருகிறேன் என்று நான் ஏதோ உளறினேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஆம்பளக் கொரலுல்ல கண்ணு," என்றார். "நாந்தான் ஆள வெச்சு அப்படிச் சொல்லச் சொன்னேன்னு நெனச்சிருப்பாளே."

வாழவந்தி பஸ் ஹாரன் அடித்தது. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் ஏறினார். போன் மேஜையிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.