காங்கேயத்து வானத்தின் குளிர்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் எம்.ஃபில். இயற்பியல் படித்தேன். பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் வானம் முழுக்க மைக்ரோ அலையாகப் பரவியிருக்கிறது. குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு மேல் ஏறக்குறைய மூன்று டிகிரி. அதைத் தரையிலிருந்து அளந்து பார்ப்பதுதான் என் ஆய்வு. பீளமேட்டில் ஒரு பட்டறையில் பெரிய தகரக் கூம்பு செய்து வாங்கி, கேபிள் டிவி டிஷ்ஷில் மாட்டும் எல்.என்.பி.யை அதன் பின்னால் பொருத்தினோம்.

எவ்வளவு குளிர் என்று முன்பே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திரவ நைட்ரஜன் தேவைப்பட்டது. கல்லூரியில் இல்லை. காங்கேயம் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்த என் மாமாவிடம் இருந்தது; சினை ஊசிக்கான விந்தை அதில்தான் உறைய வைத்திருப்பார்கள்.

"கேனை வெளியூருக்கு விட முடியாது கண்ணு. உங்க கூம்பை இங்க கொண்டாந்துருங்க. மிச்சம் இருக்கறதத் தர்றேன்," என்றார்.

பஸ் கூரையில் கூம்பை ஏற்றிக்கொண்டு நானும் என் பேராசிரியரும் போனோம். மாமாவின் ஆஸ்பத்திரியில் மாடுகள் நின்ற முற்றத்தில் ஒரு ஓரமாக அதை நிறுத்தினோம். மாடு பிடித்து வந்த ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கூம்போடு இணைத்திருந்த மீட்டரில் முள் எகிறியது.

"ஏனுங் அம்மணி, இதுல என்ன சேனல் வருமுங்க?"

"டிவி இல்லீங்ணா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க ஒடம்புச் சூட்டையும் சேத்து அளந்துபோடுது."

நைட்ரஜனைத் தெர்மோகோல் பெட்டியில் ஊற்றி, மைக்ரோ அலையை உறிஞ்சும் கருப்பு நுரைப்பஞ்சை முக்கி, அதன்மேல் கூம்பைக் கவிழ்த்தோம். முள் வெகுவாக இறங்கியது. பிறகு கூம்பை வானத்துக்குத் திருப்பினோம். இன்னும் இறங்கியது. பேராசிரியர் ஒயர்களைச் சரிபார்த்து மறுபடி செய்தார். அதேதான்.

"கேன்ல இருக்கறத விடவா மேல ஜில்லுன்னு இருக்குது?" என்றார் மாமா, வேர்வையைத் துடைத்தபடி.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கண்முன் முள் நகர்ந்ததும் கூம்பு பார்த்த திசையில் நானும் அண்ணாந்து பார்த்தேன்.

கணக்கில்தான் இடறியது. அந்த மூன்று டிகிரி மட்டும் மிஞ்ச, காற்றின் சூட்டையும், கூம்பின் விளிம்பு வழியே நுழையும் தரையின் சூட்டையும் கழிக்க வேண்டும். கூம்பைப் பல கோணங்களில் சாய்த்து அளந்தும் தரையின் பங்கு பிடிபடவில்லை. வந்த விடையை விடப் பிழை பெரிதாக இருந்தது.

"உள்ளது உள்ளபடியே எழுதிரும்மா," என்றார் பேராசிரியர்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "அப்ப அந்த மூணு டிகிரி இருக்கா, இல்லையா?"

"இருக்குதுங்க சார். எங்க கூம்புக்கு அதப் பிரிச்சு எடுக்கத் தெரியலீங்க."

அவர் சிரிக்கவில்லை. விளிம்பை எப்படி மாற்றலாம் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பட்டம் கிடைத்தது. மறுபடி அளக்க வாய்க்கவில்லை. அடுத்த ஜூனில் வெள்ளகோவிலில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.