பழுக்கக் காய்ச்சிய கரண்டி

ஐம்பதுகளில் வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டவர்கள் மீது எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அவர்களுக்குக் கை நன்றாகவே ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. கதையைப் படிக்கிற பழக்கம்தான் இல்லை.

அவர்கள் உலகத்தில் ஏழைப் பெண்ணின் புடவை எப்போதும் ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. தலையில் மட்டும் மல்லிகைக்குக் குறைவிருக்காது. டாக்டர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எழுதினாலும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். கதையில் வரும் திருடன் பாங்கிக் குமாஸ்தாவாக இருந்தாலும் படத்தில் கோடு போட்ட பனியன்தான். கிராமம் என்றால் ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு தென்னை, இடுப்பில் குடத்தோடு சிரிக்கும் ஒருத்தி. எங்கள் திருவள்ளூரில் கிணற்றடியில் நான் பார்த்ததெல்லாம் வேப்பமரமும் வாய்ச்சண்டையும்தான்.

மாற்றாந்தாய்க்கு ஒரு புருவம் மேலே ஏறியிருக்கும். கையில் கட்டாயம் ஏதாவது இருக்கும். விளக்குமாறு, விறகுக்கட்டை, இல்லாவிட்டால் கரண்டி. வெறுங்கையோடு நிற்கும் மாற்றாந்தாயை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு மாற்றாந்தாய் இருந்தாள். எனக்கு ஏழு வயதாகும்போது என்னைப் பெற்றவள் போய்ச் சேர்ந்தாள். எட்டு மாதம் கழித்து நைனா கும்மிடிப்பூண்டியிலிருந்து இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நெல் மில்லில் மேஸ்திரி. மில் சத்தத்திலேயே காலம் கழிந்ததால் வீட்டில் பேசுவதைத் தேவையில்லாத வேலையாக நினைத்தார். வந்தவளுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டேன்.

அவள் வந்த அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. சாயங்காலம் நான் விளையாட வெளியே வந்தால் கூப்பிட்டு நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். காலைப் பார்ப்பார்கள். சூட்டுத் தழும்பைத் தேடினார்கள். எதிர்வீட்டு அம்மாள் இதில் ரொம்பக் கறார். தழும்பு ஒன்றும் கிடைக்காத நாட்களில் அவர் முகம் வாடிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். சின்னம்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படி வருஷக்கணக்காகப் பரிசோதனை நடந்து, அவள் பாஸ் ஆகிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது நான் கடம்பத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தினமும் ரயிலில் போய் வருவேன். அப்போதுதான் அந்தக் கதையை எழுதினேன்.

கதை இவ்வளவுதான். ஏழு வயதுப் பெண். வீட்டுக்குப் புதிதாகச் சின்னம்மா வருகிறாள். "உனக்குச் சூடு வைப்பா, உஷாரா இரு" என்று பக்கத்துப் பெண்கள் சொல்லிவைக்கிறார்கள். அன்று சாயங்காலமே சின்னம்மா இரும்புத் தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்துப் பழுக்கக் காய்ச்சிவிட்டு, குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். குழந்தை ஓடிப்போய் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிகிறது. சுர்ரென்று சத்தம் கேட்கிறது. சூடு வாங்கியது ரசம். குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் மிளகு தூக்கலாகப் போட்டு அதற்காகவே வைத்த ரசம்.

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. சின்னம்மா எப்பேர்ப்பட்டவள் என்று ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. அச்சில் வரட்டும், பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கதை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் தெருவுக்கு ஒரே பிரதிதான் வரும், அதுவும் முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போகும்.

படம் அரைப்பக்கத்துக்கு இருந்தது. புருவம் ஏறிய ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியை ஓங்கியிருந்தாள். கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறவர்களைப் போல முழங்கை வரைக்கும் நகை. கரண்டியிலிருந்து மூன்று சுருள் புகை. அவள் காலடியில் ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக் குறுகிக் கிடந்தாள். ரசச் சட்டி இல்லை. அடுப்பே இல்லை. கரண்டி எங்கே பழுத்தது என்பதற்குப் படத்தில் ஒரு விளக்கமும் இல்லை.

சாயங்காலம் நான் ரயிலிறங்கி வரும்போது எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே காத்திருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, உங்க சின்னம்மாவ நல்லா நாறடிச்சிட்டே போ!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"அக்கா, கதைய படிச்சீங்களா?"

"அதான் படமே போட்டுக்கீறாங்களே, இன்னாத்துக்குப் படிக்கணும்?"

பத்திரிகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். சின்னம்மா வழக்கம்போலச் சோறு போட்டாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் கதை அச்சில் வந்த மிதப்பு வேறு. திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்துக் காட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்காத சோம்பல் அது.

சனிக்கிழமை குழம்பில் தாளிப்பு இல்லை. ராத்திரி ரசத்திலும் இல்லை. நைனாதான் கேட்டார்.

"கடுகு இல்லியா?"

"கீது."

"பின்ன?"

"ஒண்ணும் இல்ல, துன்னு."

அந்தக் கரண்டியைப் பற்றி ஆறு பக்கம் எழுதியவள் நான். அது அடுப்படியில் வழக்கமான ஆணியில் மாட்டியிருக்கவில்லை என்பது என் கண்ணில் படவில்லை. நைனாவுக்கு வயிறு சரியில்லை, அதனால் பத்தியச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது சின்னம்மா ஊருக்குப் போய்விட்டிருந்தாள். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று நைனாவிடம் சொன்னாளாம். ரெண்டு நாளில் வருகிறவள் டிரங்குப் பெட்டியை எடுத்துப் போவதில்லை. அது எனக்கு உறைக்க நாலு நாள் ஆயிற்று. அதற்குள் ஸ்டேஷன் பக்கத்துச் சவரக் கடைக்காரர் அந்தப் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட்டார். நைனா வாடிக்கையாகப் போவது அந்தக் கடைக்குத்தான். அந்த வாரம் முழுக்க அவர் தாடியோடு இருந்தார்.

வியாழக்கிழமை, சாப்பிட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நைனா தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"எதிர்த்த ஊட்டுக்காரி அன்னிக்கே அவகிட்ட படத்தைக் காட்டிட்டா. 'இதுக்கா பதினஞ்சு வருசம் ஆக்கிப் போட்டேன்'னு எங்கிட்ட வந்து கேட்டா."

"நீ இன்னா நைனா சொன்னே? கதையில அப்பிடி இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"கதையில இன்னா கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? எனக்குக் கையெழுத்து மட்டுந்தானே வரும்?" தட்டைத் தள்ளி வைத்தார். "திரும்பி வரமாட்டான்னு நெனக்கிறேன். எனக்குப் பேஜாராக்கீதும்மா. நீ போய் இட்டாந்துடு."

சனிக்கிழமை கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் பட்டணம் போய் வண்டி மாறவேண்டும். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் அங்கிருந்த உதவி ஆசிரியர் எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

"உங்க கதைக்குப் படம் ரொம்பப் பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

"படம் போட்டவர் கதையைப் படித்தாரா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். என் கையெழுத்துப் பிரதி ஒன்றுதான். அது அச்சுக் கோக்கிறவரிடம் போய்விடும். ஆனால் படம், அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்ய, முன்கூட்டியே போகவேண்டும். ஆகவே இவர் படிக்கட்டில் நின்றபடி ஓவியரிடம் கதையை வாயால் சொல்லிவிடுவார்.

"என் கதையை என்னவென்று சொன்னீர்கள்?"

"மாற்றாந்தாய், சின்னப் பொண்ணு, பழுக்கக் காய்ச்சின கரண்டி."

மூன்றும் என் கதையில் இருப்பவைதான். குறை சொல்ல இடமில்லை. திருத்தம் போடமுடியுமா என்று கேட்டேன். அச்சுப்பிழைக்குத்தான் திருத்தம் போடுவது வழக்கம், படத்துக்குப் போட்டதில்லை என்றார். நான் எழுந்ததும், மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். ஓவியர் கையால் போட்ட அசல் படம். முதல் கதை எழுதியவருக்கு ஆபீசின் அன்பளிப்பாம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, நன்றி வேறு சொன்னேன்.

அந்தச் சுருளை ரயிலில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்தபடியே கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். ஒரு பெரியவர் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக அதை நீட்டி, "பாப்பா, உன் சாமானை உட்டுட்டியே!" என்று கத்திக் கையில் திணித்துவிட்டார்.

இன்று தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கேட்டுகள் வரிசையாக நிற்கும் ஊரில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ரயில்வே கேட்டு ஒன்றுதான். சின்னம்மாவின் அண்ணன் அங்கே கேட்மேன். கேட்டை ஒட்டின ஒற்றை அறைதான் வீடு. நான் போனபோது சின்னம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணி நல்ல ஆரோக்கியமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வா" என்றாள் சின்னம்மா. வெளியாளைக் கூப்பிடுகிற 'வா'.

பத்திரிகையைப் பிரித்து, நின்றபடியே கதையைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடியவில்லை, சரக்கு வண்டி வந்தது. முப்பது பெட்டியோ நாற்பது பெட்டியோ. அது போய் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுபடி ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் சின்னம்மா சுருளை எடுத்துப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டதை நான் பிறகுதான் கவனித்தேன். ரசம் வருகிற இடத்தில் அண்ணி ஹோவென்று சிரித்தாள். கேட்டிலிருந்து திரும்பிய அண்ணன், "இதுக்காடி பொட்டியத் தூக்கிக்கினு வந்தே?" என்று தங்கையைக் கேட்டார்.

சின்னம்மா சிரிக்கவில்லை. மடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை அவள் பார்க்கவில்லை. கீழே குறுகிக் கிடந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது நீயா?"

"ஆமா."

"நெஜமாவே குதிருக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கினியா?"

"ஆமா, சின்னம்மா."

"அந்த ஒரு நாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். தப்பித்துக்கொள்ள வண்டி வருகிற சத்தம்கூட இல்லை.

"ரெண்டு வருசம். அடுத்த சூடு எனக்குத்தான்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் படத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"நான் தாளிக்கிறப்போல்லாம் நீ எழுந்து பூடுவே. உனுக்குப் பொகை ஒத்துக்கலன்னு நெனச்சேன். மழையில கூட அடுப்பைப் பின்பக்கம் தூக்கிக்கினு போய் வெச்சுத் தாளிச்சேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கண்ணு?"

இது எனக்குத் தெரியாது. பின்பக்கத்தில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு மழையில் குந்தியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆறு பக்கம் எழுதிய கதையில் என் பயம் இருந்தது, ரசம் இருந்தது, அது இல்லை. நான் அழ ஆரம்பித்தேன். வாத்தியாரம்மா என்ற மரியாதையெல்லாம் போய், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன்.

சின்னம்மா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஏறின புருவத்தை, கடித்த பல்லை, ஓங்கின கையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உன் கண்ணுக்கு நான் இப்பிடித்தான் இருந்துக்கீறேன்" என்றாள்.

அது உண்மை.

"இப்போ?"

"இப்போ இல்ல, சின்னம்மா."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முறத்தை அண்ணியிடம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்போ பொட்டியைத் தூக்கு" என்றாள்.