கோணலாக மாட்டிய மோட்டார்

என் அக்கா வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் நான் பாதிதான் நம்புவேன். துபாயில் வேலை. மற்றவர்கள் லீவுக்கு வந்தால் டேப்ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். இவர் எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை, ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பெட்டியில் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும் மோட்டாராம். அவர் ஊர் பக்கத்துப் பெருநகர் கிராமம். ஆனால் வைஸும் டிரில்லும் உத்திரமேரூரில் என் பட்டறையில்தானே இருக்கின்றன. அங்கேயே வந்து உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார்.

என் தொழில் பம்ப்செட் மோட்டார் மாட்டுவது. நான் மாட்டின மோட்டார் ஆடுகிறது என்று சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவனை மனுஷன் ஒரு ஸ்க்ரூவைத் தொடவிடவில்லை. "சும்மா இரு மச்சான், நானே பாத்துக்கிறேன்" என்பார். டீ குடிக்கப் போனால்கூட விமானத்தின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் போவார். நான் என்ன அதைத் தின்றா விடுவேன்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மோட்டார் மாட்டின அன்று எட்டிப் பார்த்தேன். மூக்கில் ஒரு பிளைவுட் பலகை, அதில் நாலு ஸ்க்ரூ. இடதுபக்கத்து இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் மோட்டாருக்கும் பலகைக்கும் நடுவே வாஷர் இருந்தது. மோட்டார் லேசாக வலதுபக்கம் திரும்பி நின்றது.

"இன்னா மாமா, கோணலா கீது?"

"அப்பிடித்தான் இருக்கணும். நேரா வெச்சா எடதுபக்கம் இஸ்துக்கினு பூடும்."

எனக்கா கதை விடுகிறார்? நாலு வாஷரில் இரண்டைத் தொலைத்துவிட்டார், அதை மறைக்கத்தான் இந்தச் சமாளிப்பு என்று முடிவு கட்டினேன். பட்டறைத் தரையெல்லாம் பெருக்கிக்கூடத் தேடினேன். பம்ப்செட்டில் மோட்டார் ஒரு நூல் விலகினாலும் பேரிங் போய்விடும். நாளைக்கு இது விழுந்து உடைந்தால் யார் பெயர் கெடும்? என் பட்டறையில் கட்டினது என்றுதானே ஊரில் பேசுவார்கள். வேண்டுமென்றே பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்த நாளில், துண்டை விலக்கி, மோட்டாருக்கு மேலே மாட்டியிருந்த மூக்கு மூடியைக் கழற்றி, இரண்டு வாஷரையும் எடுத்துவிட்டேன். வாலிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தேன். மோட்டார் அம்பு மாதிரி நேராக இருந்தது. மூடியைத் திரும்ப மாட்டி, துண்டையும் பழையபடி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனோம். மறுநாள் அவர் துபாய் விமானத்தைப் பிடிக்க பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மாத லீவும் அந்த விமானத்திலேயே போயிருந்தது. பறக்க விட அந்த ஒரு காலைதான் அவருக்கு மிச்சம்.

"நீ தூக்கி வுடு மச்சான். உன் கைதான் ஆடாது" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், ஓடிப்போய் விமானத்தை வீசினேன்.

ஏறியது. ஏறும்போதே இடதுபக்கம் இழுத்தது. அவர் கையிலிருந்த ரேடியோப் பெட்டியின் குச்சியை வலதுபக்கம் கடைசிவரை தள்ளியும் கேட்கவில்லை. சாய்ந்து, சுற்றிக்கொண்டே வந்து, வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் தலைகுப்புற விழுந்தது. இறக்கை இரண்டாகப் போயிற்று.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். மாமா உட்கார்ந்து மூக்கு மூடியைக் கழற்றினார். இடதுபக்கத்து ஸ்க்ரூக்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சிங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"என் தப்புதான். வாஷர் போட மறந்துட்டேன்" என்றார் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குனிந்து உடைந்த இறக்கையைப் பொறுக்கினேன். வாஷரை எடுத்தது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த லீவுக்கும் ஒரு விமானம் கொண்டுவந்தார். வாலாஜாபாத்தில் யாரோ ஒரு லேத் பட்டறைக்காரரிடம் தினமும் போய் அதைக் கட்டுகிறார் என்று தெரிந்தது. என் பட்டறை இருக்கும்போது ஏன் அங்கே என்று அக்காவிடம் கேட்டேன்.

"உனுக்கு வேலை கெட்டுப்பூடுமாம். மச்சானப் போயி பேஜார் பண்ணக் கூடாதுன்னு சொன்னாரு" என்றாள்.